மிச்சம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செருப்புக் கடைக்கு மேல்மாடியில்
பகல் முழுக்க எனக்கு
அழிக்கிற வேலை.

கல்யாண ஆல்பம். முகத்துக்கு நாலு நிமிசம்.
பரு, பனிவெடிப்பு, அம்மைக்குழி,
மூக்கோரத்து எண்ணெய் மினுக்கம்,
மவுசை இழுத்தால் போய்விடும்.
"இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்கண்ணே"
என்பாள் மாப்பிள்ளையின் அக்கா,
தோளுக்குப் பின்னால் நின்று.
ஆக்குவேன்.
காசு கொடுப்பது அவள்.

ராத்திரி எட்டுக்கு மேல்
டிக்கோயா அறையில் வேறு வேலை.
மொன்ட்ரியலில் ஒருவனுக்கு
கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு
ஒரு படைவீராங்கனை வேண்டுமாம்.
கண், மூக்கு, கழுத்தெலும்பு
அவன் தந்த அளவில் செய்தாயிற்று.
விளக்கு வைத்துப் பார்த்தால்
துணிக்கடைப் பொம்மை.
"பிளாஸ்டிக்" என்று
ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தான்.

சரிதான்.
தோலைச் சுவரென்று நினைத்துப்
பூசிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போன ஒரு ராத்திரி
கூட இருக்கிற ஞானசீலன்
கண் கூசுகிறதென்று
போன் டோர்ச்சை உள்ளங்கையால் பொத்தினான்.
வெயிலுக்கு நேரே பிடித்த
மரத்தக்காளி மாதிரி
விரலெல்லாம் சிவந்தது.
"அசையாதடா" என்றேன்.
வெளிச்சம் உள்ளே போகிறது.
கொஞ்ச தூரம் வழி தவறுகிறது.
போன வாசலால் வராமல்
வேறெங்கோ,
ரத்தத்திடம் நிறம் கடன் வாங்கிக்கொண்டு
வெளியே வருகிறது.
பேட்டரி முடியப்போகுதென்று கத்தினான் அவன்.

அதற்குப் பிறகு யாரையும்
காதுப் பக்கமாகத்தான் பார்க்கிறேன்.
நோர்வூட் பஸ்ஸில்
பனி கிழிந்து வெயில் வந்தால்
முன்சீட்டுக்காரரின் மடல் எரிகிறது.
மூக்கின் நிழல் கன்னத்தில்
கறுப்பாகவே முடிவதில்லை,
ஓரத்தில் ஒரு நூல் சிவப்பு.
அவர் திரும்பி முறைத்தார்.

துவாரத்தை ஒரே அளவில் குத்தினால்
தோடம்பழத் தோல்.
மூக்கில் பெரிது, கன்னத்தில் இழுபட்டு,
காதருகே காணாமலே போகும்.
இவ்வளவுக்கும் எங்கே போவது?
பகலில் அழித்ததை எறியாமல் சேர்த்தேன்.
பொகவந்தலாவை மணப்பெண்ணின் மச்சம்,
ஒரு மாமனாரின் சவர வெட்டு,
மாப்பிள்ளைத் தோழனின் குளிரில் வெடித்த உதடு.
வீராங்கனையின் தாடைக்கு மட்டும்
ஒரு தழும்பு,
சாமிமலைப் பெண்ணுடையது.

மொன்ட்ரியல்காரன் இந்த முறை
ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
காசு வர இருபது நாள்.

ஆல்பம் வாங்க வந்தாள் திலகேஸ்வரி. தனியாக.
புரட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து.
"இங்க இருந்தது எங்க?"
தாடையில் விரல்.
கோபமில்லை,
பஸ்ஸில் குடையை விட்டு இறங்கியவள் குரல்.
"பீலிக்கரையில வழுக்கி விழுந்தது. நாலு தையல்."
வேண்டுமென்றால் திரும்ப வைக்கலாம் என்றேன்.
"வேணாம், மாமி இதைத்தான்
பிரேம் போடச் சொல்றாங்க."
மூடினாள்.

என்ன சொல்வது அவளிடம்?
உன் நாலு தையல்
எங்கேயோ பனிநாட்டில்
ஈட்டி பிடித்து நிற்கிறதென்றா?
கேட்டா எடுத்தேன்.

பில் எழுதும்போது எதிர்மலை வெளுத்து
சன்னல் வழியே ஒரு கணம்
அவள் தாடையில் வெயில்.
பார்த்தேன்.
தப்பு.
பிளாஷ் வெளிச்சத்தில் இது தெரிந்திருக்கவில்லை.
தழும்புக்குள் ஒரு துவாரமும் இல்லை.
சுற்றுத் தோலைவிட வெளிறி,
மழமழவென்று,
வெளிச்சம் அங்கே
உள்ளே போகத் தயங்கி நிற்கிறது.
நானோ ஆழமாகத் தோண்டி
முழுக்கத் துளை போட்டு
அனுப்பியிருந்தேன்.

"என்ன பாக்குறீங்க?"

"மிச்சம் நூற்றைம்பது" என்றேன்.